பால்மாவும் வெறும் இறாக்கையும்: ஒரு திருத்தமும் சில கணக்குகளும்

ஆசிரியருக்கு,

குழந்தைப் பால்மாத் தட்டுப்பாடு பற்றித் தங்கள் வாசகர் பக்கத்தில் வந்த கடிதத்தில் முக்கியமாக இரண்டு விஷயங்கள் இருந்தன. அவுஸ்திரேலியக் கடைகளில் பால்மா இறாக்கை காலியானதற்குச் சீனரின் பேராசையே காரணம், ஆளைப் பார்த்து விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒன்று. டின் கிடைக்காத நாட்களில் ஒரு கரண்டியைக் குறைத்து, வடித்த கஞ்சித் தண்ணீரைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை மற்றது. முதலாவது பிழையான விளக்கம். இரண்டாவது ஆபத்து. ஆபத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

பால்மாவை நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதைவிட மோசமானது உள்ளே நடக்கும். பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்தால் மிகுதியான தண்ணீரை வேகமாக வெளியேற்ற முடியாது. தண்ணீர் தேங்கத் தேங்க இரத்தத்தில் சோடியத்தின் அளவு இறங்கும். முதலில் குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும். "அமைதியான பிள்ளை" என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். பிறகு வாந்தி, கடைசியில் வலிப்பு. கஞ்சித் தண்ணீரில் கொஞ்சம் மாச்சத்து உண்டு. புரதம், கொழுப்பு, இரும்பு, கல்சியம் எதுவும் குழந்தைக்குப் போதிய அளவில் இல்லை. அந்தக் காலத்தில் கஞ்சித் தண்ணீர் குடித்து நாங்கள் வளரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வளராமல் போனவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுத வருவதில்லை.

இனி இறாக்கை ஏன் காலியானது என்பதற்கு வருவோம்.

கதை சிட்னியிலோ மெல்பேர்னிலோ தொடங்கவில்லை. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஷிஜியாஜுவாங் நகரில் இயங்கிய சான்லு என்ற பால் நிறுவனத்தில் தொடங்குகிறது. கிராமங்களில் பால் சேகரித்த இடைத்தரகர்கள் பாலில் தண்ணீர் கலந்தார்கள். தண்ணீர் கலந்தால் புரத அளவு இறங்கும், தொழிற்சாலையில் பால் நிராகரிக்கப்படும். புரதத்தைச் சோதிக்க அங்கே பயன்பட்ட கெல்டால் முறை புரதத்தை நேராக அளப்பதில்லை. மாதிரியில் உள்ள நைதரசனை அளந்து, பாலுக்கென்றால் அதை 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்குக் காட்டும். மெலமைன் என்பது பிளாஸ்டிக், ஒட்டுப்பலகைப் பிசின் செய்யப் பயன்படும் இரசாயனம். அதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். ஒரு கிராம் மெலமைனைக் கலந்தால் சோதனைக் குழாயில் அது நான்கு கிராமுக்கு மேற்பட்ட புரதமாகத் தெரியும். மலிவு, வெள்ளைத் தூள், பாலோடு பாலாகக் கலந்துவிடும்.

குழந்தைகளின் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது கல்லாகப் படிந்தது. 2008 செப்டெம்பரில் விஷயம் வெளியே வந்தது. மொத்தத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. முறைப்பாடுகளோ அதற்குப் பல மாதங்கள் முன்பே நிறுவனத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. சான்லு மட்டும் அல்ல, அரசு சோதித்தபோது 22 நிறுவனங்களின் பால்மாவில் மெலமைன் இருந்தது. சான்லுவில் 43 வீதப் பங்கு வைத்திருந்தது நியூசிலாந்தின் பால் நிறுவனமான பொன்டெரா. "வெளிநாட்டுக் கூட்டு நிறுவனம்" என்ற பட்டயமும் காப்பாற்றவில்லை என்று சீனத் தாய்மார் கண்டுகொண்டது அன்றுதான். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2004இல், அன்ஹுய் மாகாணத்து ஃபுயாங்கில் சத்தே இல்லாத போலிப் பால்மாவைக் குடித்துத் தலை வீங்கி, உடல் மெலிந்து குழந்தைகள் இறந்த சம்பவமும் அவர்கள் நினைவில் இருந்தது.

ஆகவே அவர்கள் தேடியது வெறும் வெளிநாட்டு வர்த்தகப் பெயரை அல்ல. இந்த நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. அதே வெளிநாட்டு நிறுவனம் சீன மொழி முகப்புச் சீட்டோடு சீனக் கடைகளில் முறைப்படி விற்ற டின் இருந்தது. அதை நம்பாமல், வெளிநாட்டுப் பெற்றோர் தம் குழந்தைக்கு வாங்கும் அதே கடையின் இறாக்கையிலிருந்து எடுத்த, ஆங்கில முகப்புச் சீட்டு ஒட்டிய டின்தான் வேண்டும் என்றார்கள். அவுஸ்திரேலியத் தாய் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. டின் எங்கே தயாரானது என்பதைக் காட்டிலும் எந்த இறாக்கையில் இருந்தது என்பதற்கே விலை. இதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? இலங்கையில் 2021, 2022இல் பால்மா தட்டுப்பட்டபோது இங்கிருந்து கடல்வழிப் பெட்டிகளில் பால்மாப் பைகளை அடுக்கி அனுப்பியவர்கள் நம்மிலும் இருந்தார்கள். யாரும் அவர்களைப் பேராசைக்காரர் என்று எழுதவில்லை.

இந்தத் தேவையைத் தீர்க்க உருவானவர்கள்தான் டாய்கோ எனப்படுவோர். "பிறருக்குப் பதிலாக வாங்குதல்" என்பதே அந்தச் சீனச் சொல்லின் பொருள். பல்கலைக்கழக மாணவர், வீட்டிலிருக்கும் தாய்மார், ஓய்வுபெற்ற பெற்றோர் எனப் பல வகையினர். வேலை நடக்கும் முறை இது. சீனாவிலுள்ள தாய் வீசாட் என்ற கைப்பேசிச் செயலியில் ஓடர் கொடுத்துப் பணத்தையும் அதிலேயே அனுப்பிவிடுவார். இங்கிருப்பவர் கடைக்குப் போய் டின்னை எடுப்பதையும், கல்லாவில் பணம் கட்டுவதையும் வீடியோவாக எடுப்பார். கடையின் பற்றுச்சீட்டும் பார்சலுக்குள் போகும். அந்தச் சீட்டும் வீடியோவும் இல்லாவிட்டால் டின்னுக்குப் பாதி மதிப்பு. பிறகு பார்சல் கடை. அப்படிப்பட்ட கடைகள் சீனர் செறிந்து வாழும் புறநகரங்களில் வரிசையாக முளைத்தன. வழக்கமான பார்சல் மூன்று டின் அல்லது ஆறு டின். ஒவ்வொரு டின்னையும் காற்றடைத்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகுவார்கள். மூலை நசுங்கிய டின்னைச் சீனாவில் யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதால்தான் அந்தப் பாடு.

ஆறு டின் என்ற எண்ணிக்கையும் சும்மா வந்ததல்ல. 900 கிராம் டின் ஆறு என்றால் பால்மா 5.4 கிலோ. டின்னும் பெட்டியும் சேர்த்தாலும் ஓர் ஆள் தூக்கக்கூடிய பாரம். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாற்பொருளை வணிக நோக்கில் ஏற்றுமதி செய்வதானால் விவசாயத் திணைக்களத்தின் ஏற்றுமதி விதிகள் குறுக்கே வரும். தனிப்பட்ட சிறு பார்சலாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. கடையில் வாங்கியதை மறுவிலைக்கு விற்பது இந்நாட்டில் குற்றமும் அல்ல. வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாவிட்டால்தான் குற்றம். சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையத்தில் கிடைக்கும் வரி மீளளிப்பை இவர்கள் சுரண்டுகிறார்கள் என்றும் அந்தக் கடிதம் சொன்னது. குழந்தைப் பால்மாவுக்கு இங்கே ஜிஎஸ்டி வரியே கிடையாது. கட்டாத வரியை யார் திருப்பிக் கேட்பது?

இலாபக் கணக்கும் பெரும்பாலோர் நினைப்பதைவிடச் சிறியது. ஒரு டின்னை இங்கே 25 டொலருக்கு வாங்கி அங்கே 50க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். பார்சல் செலவு, உறை, பெட்டி, வழியில் நசுங்கும் டின்னுக்கு ஈடு, அலைச்சல் எல்லாம் போக, அந்த 25 டொலர் வித்தியாசத்தில் கையில் நிற்பது பாதிக்கும் குறைவு. அதனால்தான் எண்ணிக்கை தேவைப்பட்டது. ஒரு நாளைக்கு மூன்று டின் வாங்கினால் கட்டாது, முப்பது டின் வாங்கினால் கட்டும். சிறு இலாபத்தில் அதிக டின், அதிக கடை, அதிக நடை. பிறகு இதிலும் பெரிய ஆட்கள் வந்தார்கள். டாய்கோக்களுக்கென்றே கடைத்தொடர் நடத்திய ஒரு நிறுவனம் 2017இல் அவுஸ்திரேலியப் பங்குச்சந்தையிலேயே பட்டியலிடப்பட்டது. திருட்டுக் கும்பல்களும் புகுந்தன. கடைகளில் திருடிய டின்களைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு வலையைச் சிட்னிப் பொலிஸார் பிடித்தார்கள்.

ஆனால் வாங்குவோர் அதிகமானால் உற்பத்தியைக் கூட்டிவிட்டுப் போகலாமே, ஏன் மாதக்கணக்கில் இறாக்கை காலியாகக் கிடந்தது? பாண் தீர்ந்தால் மறுநாள் காலை சுட்டு அடுக்கலாம். பால்மா அப்படியல்ல. பாலை எடுத்து, கொழுப்பும் சத்துகளும் சேர்த்து, உயரமான கோபுரங்களில் தெளித்து உலர்த்தி, டின்னில் அடைத்த பிறகும் அது வெளியே போகாது. சல்மொனெல்லா, குரோனோபாக்டர் கிருமிகளுக்கான சோதனை முடிவு வரும்வரை ஒவ்வொரு தொகுதியும் கிடங்கில் தடுத்து வைக்கப்படும். பல வகைப் பால்மா நியூசிலாந்தில் தயாராகிறது. ஏ2 என்ற நிறுவனத்தின் பால்மா அங்கே கன்டர்பரி மாகாணத்தின் டன்சன்டலிலுள்ள சின்லெய்ட் ஆலையில் உலர்த்தப்பட்டது. அங்கிருந்து கப்பல், கிடங்கு, கடையின் விநியோக மையம், பிறகுதான் இறாக்கை. உலர்த்தும் கோபுரத்தின் நேரமும் பல மாதங்களுக்கு முன்பே பங்கிடப்பட்டுவிடும்.

மறுபக்கம், சுப்பர்மார்க்கெட்டின் கணினி ஒவ்வொரு கிளைக்கும் கடந்த வாரங்களின் விற்பனையைப் பார்த்து அடுத்த ஓடரைப் போடும். நவம்பர் 11ஆம் திகதி சீனாவில் "தனிக்கட்டைகள் நாள்" எனும் மாபெரும் இணைய விற்பனை. ஜூன் 18 இன்னொன்று. சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்கள் மற்றொன்று. 2015 நவம்பரில் இங்கே இறாக்கைகள் துடைத்தெடுத்ததுபோல் ஆனது இப்படித்தான். காலியான இறாக்கையைக் கணினி எப்படிப் படிக்கும்? இருப்பில்லாத நாட்களில் விற்பனை பூச்சியம். பூச்சியத்தைப் பார்த்து, தேவை இல்லை என்று சில சமயம் ஓடரையே குறைத்துவிடும். மனிதர் திருத்தாவிட்டால் தட்டுப்பாடு தன்னைத்தானே நீட்டிக்கொள்ளும்.

அதன்மேல் நாங்களும் ஏறி நிற்கிறோம். காலி இறாக்கையைப் பார்த்த தாய் அடுத்த முறை ஒன்றுக்குப் பதில் நான்கு டின் எடுப்பார். ஒரு புறநகரத்தில் கைக்குழந்தை உள்ள 200 குடும்பங்கள் இருப்பதாக வையுங்கள். ஆளுக்கு இரண்டு டின் கூடுதலாகப் பதுக்கினாலே 400 டின் ஒரே வாரத்தில் போய்விடும். எந்த டாய்கோவும் தேவையில்லை. 2020 மார்ச்சில் கழிவறைக் காகிதத்துக்கு நடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

"ஓர் ஆளுக்கு இரண்டு டின்" என்ற கட்டுப்பாட்டுக்கு முன்னோடி ஹொங்கொங். அங்கே சீனாவின் ஷென்ஜென் நகர எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஷியூங் ஷுய், ஃபன்லிங் பகுதிகளில் உள்ளூர்த் தாய்மாருக்குப் பால்மா கிடைக்காமல் போன நிலையில், 2013 மார்ச் 1ஆம் திகதி முதல் சட்டம் வந்தது. 16 வயது நிரம்பிய ஒருவர் 24 மணி நேரத்தில் ஒரு முறைதான், அதுவும் 1.8 கிலோ வரை, அதாவது 900 கிராம் டின் இரண்டு வரைதான் எல்லை தாண்டிக் கொண்டுபோகலாம். மீறினால் ஐந்து இலட்சம் ஹொங்கொங் டொலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. சட்டத்தின் பல் எங்கே இருந்தது என்று கவனியுங்கள். கடையின் கல்லாவில் இல்லை, எல்லைச் சாவடியில். அங்கே சுங்க அதிகாரி பையைத் திறந்து பார்க்கலாம். இருந்தும் வியாபாரிகள் ஆட்களைக் கூட்டி ஆளுக்கு இரண்டு டின்னாகப் பிரித்தார்கள். எறும்பு வீடு மாற்றுவது என்று அதற்குச் சீனத்தில் ஒரு பெயரே உண்டு. உள்ளூர்த் தாய்மாருக்கு உதவியது தடை மட்டும் அல்ல என்பது என் கணிப்பு. நிறுவனங்கள் உள்ளூர்ப் பெற்றோருக்கெனத் தொலைபேசி ஓடர் வசதி வைத்து டின்னை ஒதுக்கிக் கொடுத்ததும் உதவியது.

ஹொங்கொங் அடைத்ததும் வெள்ளம் வேறு மடையைத் தேடியது. அதே 2013இல் பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் கடைகள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு போட்டன. பிறகு அவுஸ்திரேலியா. இங்கே பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளான கோள்ஸும் வூல்வேர்த்ஸும் கட்டுப்பாட்டை இறுக்கி இரண்டு டின்னில் நிறுத்தின. ஆனால் அது ஒரு பற்றுச்சீட்டுக்கு இரண்டு என்பதாகத்தான் நடைமுறையில் முடிந்தது. வாங்கியதைக் காரில் வைத்துவிட்டுத் திரும்ப வந்து வரிசையில் நிற்கலாம். சுயசேவைக் கல்லாவில் கேட்க ஆளில்லை. பகுதிநேரமாக வேலை செய்யும் பதினெட்டு வயதுப் பிள்ளை, நாலாவது முறை வந்தவரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 2018இல் சில கிளைகளில் டின்களை இறாக்கையிலிருந்து எடுத்து சேவை மேசைக்குப் பின்னால் வைத்தார்கள். அது ஓரளவு வேலை செய்தது. கேட்டு வாங்கும்போது முகம் நினைவில் நிற்கும் அல்லவா.

நிறுவனங்கள் இதில் அப்பாவிகள் அல்ல. ஏ2 நிறுவனம் தன் முதலீட்டாளர்களுக்கான அறிக்கைகளிலேயே டாய்கோ வழியை ஒரு விற்பனைப் பாதையாகப் பேசியது. பெலமீஸ் என்ற அவுஸ்திரேலியப் பால்மா நிறுவனமும் அந்த அலையிலேயே உயர்ந்தது. 2016 இறுதியில் சீன விற்பனை தடுமாறியதும் அதன் பங்கு விலை ஒரே நாளில் சரிந்தது. 2019இல் சீனாவின் பால் நிறுவனமான மெங்நியூ அதை ஏறக்குறைய 150 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கிக்கொண்டது. சிட்னி இறாக்கை அவர்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அங்கே தெரிந்தால் ஷங்காயில் விலை போகும். டின்னை யார் வாங்கினாலும் கடைக்குப் பணம், நிறுவனத்துக்குப் பணம். காலி இறாக்கையால் நட்டப்பட்டது இரவு ஒன்பது மணிக்கு மூன்றாவது கடையின் வாசலில் நின்ற தாய்தான்.

நிலைமை மாறியதும் யாரும் சீனரைத் துரத்தியதால் அல்ல. 2019 ஜனவரியில் சீனாவின் மின்வணிகச் சட்டம் நடைமுறைக்கு வந்து, டாய்கோக்கள் பதிவு செய்து வரி கட்ட வேண்டியதாயிற்று. சுங்கக் கிடங்குகள் வழியே ஆங்கில முகப்புச் சீட்டு டின்னையே இணையத்தில் முறைப்படி வாங்கும் வழி அகன்றது. 2020இல் எல்லைகள் மூடப்பட்டு மாணவரும் பயணிகளும் இல்லாமற்போக, டாய்கோ வழி வற்றியது. ஏ2 நிறுவனம் தேங்கிப்போன இருப்பின் பெறுமதியைக் குறைத்து எழுத வேண்டிவந்தது. ஃபெய்ஹே போன்ற சீன நிறுவனங்கள் உள்நாட்டு நம்பிக்கையை மெல்ல மீட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளே குறைந்துவிட்டார்கள். 2016இல் சீனாவில் ஒரு கோடியே 78 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள். 2023இல் 90 இலட்சம்.

ஆளைப் பார்த்து விற்பது பற்றி ஒரு வார்த்தை. தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலத்தில் கடை நடைபாதைகளில் வசை கேட்டவர்களில் தம் சொந்தக் குழந்தைக்கு ஒரு டின் வாங்க வந்த சீன அவுஸ்திரேலியத் தாய்மாரும் இருந்தார்கள். முகத்தைப் பார்த்து விற்கும் கடை நாளைக்கு வென்ட்வேர்த்வில்லில் இரட்டைக் குழந்தைகளுக்கு நான்கு டின் எடுக்கும் தமிழ்த் தகப்பனையும் அதே கண்ணால்தான் பார்க்கும். சீலை கட்டிய அம்மம்மா பேரப்பிள்ளைக்கு வாங்க வந்தாலும் அதே கேள்விதான். கேட்கவேண்டியது இதைவிட எளிது: கட்டுப்பாடு பற்றுச்சீட்டுக்கு அல்லாமல் நாளுக்கு இருக்கட்டும், பிறந்தது முதல் கொடுக்கும் முதல் நிலைப் பால்மாவில் ஒரு பங்கை ஒவ்வொரு கிளையும் பெயர் பதிந்த உள்ளூர்ப் பெற்றோருக்கென மேசைக்குப் பின்னால் வைக்கட்டும், இரட்டையர் வீட்டுக்கு விதிவிலக்கு இருக்கட்டும். இருப்பில்லாத நாளைப் பூச்சிய விற்பனையாக எண்ணாதபடி ஓடர்க் கணினியைத் திருத்தச் சொல்வதும் நல்லது, ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பது வேறு கதை.

பெற்றோர் செய்யக்கூடியவை. முதலில் உங்கள் தேவையைக் கணக்கிடுங்கள். 900 கிராம் டின் ஒன்றில் ஏறக்குறைய ஏழு லீற்றர் பால் கரைக்கலாம். முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கு ஒரு நாளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 150 மில்லிலீற்றர். ஐந்து கிலோக் குழந்தைக்கு 750 மில்லிலீற்றர். அதாவது ஒரு டின் ஒன்பது நாள் வரும். இது பால்மா மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு. தாய்ப்பாலும் குடித்தால் இன்னும் நீளும். கையிலுள்ள டின்னுக்கு மேல் திறக்காத ஒரு டின் போதும். இரட்டையர் என்றால் இரண்டு. திறந்த டின்னை நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். திறக்காததற்கும் காலாவதித் திகதி உண்டு. பன்னிரண்டு டின் அடுக்கிவைத்த பிறகு குழந்தைக்கு ஒவ்வாமை என்று தெரிந்து வேறு வகைக்கு மாறவேண்டி வந்தால், அவ்வளவும் வீண்.

அடுத்தது, இந்தப் பெயர்தான் வேண்டும் என்ற பிடிவாதம். அவுஸ்திரேலியாவில் விற்கும் எல்லாக் குழந்தைப் பால்மாவும் அவுஸ்திரேலியா நியூசிலாந்து உணவுத் தராதரத்தின் 2.9.1ஆம் விதிக்கு உட்பட்டவை. அந்த விதி கேட்கும் சத்துகள் விலை குறைந்த டின்னிலும் உண்டு. தங்க நிற மூடி, "பிளாட்டினம்", "ப்ரோ" எல்லாம் டின்னின் அலங்காரம். நிறைமாதத்தில் பிறந்த சுகமான குழந்தைக்கு வழக்கமான டின் கிடைக்காவிட்டால், அதே நிலையிலுள்ள வேறு பெயரை அன்றே கொடுக்கலாம். இரண்டு மூன்று நாள் மலத்தின் நிறமும் இறுக்கமும் மாறும், பயப்பட வேண்டாம். முதல் நிலைப் பால்மா பன்னிரண்டு மாதம் வரை போதுமானது. ஆறு மாதத்தில் இரண்டாம் நிலைக்கு மாறியே ஆகவேண்டும் என்றில்லை. ஒரு வயதுக்குப் பிறகு சாதாரண முழுக்கொழுப்புப் பசுப்பாலே போதும். மூன்றாம் நிலை டின் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவையே இல்லாத பொருள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைப் பால்மாவை விளம்பரப்படுத்துவதில்லை என்று நிறுவனங்கள் 1992இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதைப் பக்கவாட்டில் தாண்டத்தான் அதே முகச்சாயலில் மூன்றாம் நிலை டின்கள் விளம்பரமாயின. அந்த உடன்பாட்டுக்கான அனுமதியை நீட்டிக்க அவுஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2025 பெப்ரவரியில் மறுத்துவிட்டது.

பசுப்பால் ஒவ்வாமை உள்ள குழந்தை, குறைமாதக் குழந்தை, மருத்துவர் எழுதித்தந்த விசேட பால்மா குடிக்கும் குழந்தை ஆகியோருக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவர்களுக்கு மாற்றம் மருத்துவரைக் கேட்டுத்தான். ஆட்டுப்பால்மா பசுப்பால் ஒவ்வாமைக்கு மருந்து என்று நம்மவரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. இரண்டின் புரதமும் நெருங்கியவை. ஒன்றுக்கு ஒவ்வாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒவ்வாது.

பெயரை மாற்றும்போது அதிகம் பிழைப்பது கரண்டியில். சில டின்னில் 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி, சிலதில் 50க்கு, சிலதில் 60க்கு. பழைய டின்னின் கரண்டியைப் புது டின்னுக்குள் போட்டு வைத்துவிடுகிறார்கள். 30க்கான கரண்டியால் 60க்கு ஒன்று என்று போட்டால் பால் பாதிக்குப் பாதி நீர்த்துவிடும், கஞ்சித் தண்ணீர் யோசனையின் அதே ஆபத்து. மறுபக்கமாகப் பிழைத்தால் பால் தடித்து மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும். டின் முடிந்ததும் கரண்டியையும் டின்னோடு எறிந்துவிடுங்கள். முதலில் கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் அளந்து, அதன் பிறகு தூளைப் போடுங்கள். கரண்டியைக் குவிக்காமல், அழுத்தாமல், மட்டமாக வழித்து. இரவு மூன்று மணிக்கு எழுந்து கரைக்கும் அப்பாவுக்கு இது தெரியும்படி புதிய அளவை ஒரு துண்டில் எழுதி டின்னில் ஒட்டிவிடுங்கள்.

கடையில் இல்லை என்றால் பக்கத்து மருந்தகத்தில் கேளுங்கள். அவர்களுக்கு மொத்த விநியோகம் வேறு வழியாக வருகிறது, பெயரைப் பதிந்து ஓடர் போட்டுத்தரவும் முடியும். சமூக ஊடகச் சந்தையில் "ஒரு டின் மிச்சம்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். நாற்பது பாகைக் கோடையில் காரின் பின்பெட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாது. மூடியின் உள்ளிருக்கும் ஈயத்தாள் முழுதாக இருக்கிறதா, அடியிலுள்ள தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் சுரண்டப்படாமல் இருக்கின்றனவா என்று கடையில் வாங்கும் டின்னிலும் பாருங்கள். வெறும் டின்னை எறியும்போது நசுக்கி எறியுங்கள். சீனாவில் அசல் டின்னை வாங்கி மலிவான தூளை நிரப்பி விற்கும் வியாபாரம் நடந்திருக்கிறது. புதிதாகப் போலி டின்களே செய்தவர்களும் உண்டு; 2016இல் ஷங்காயில் பிடிபட்ட ஒரு போலிப் பால்மா வழக்கில் மட்டும் சுமார் 17,000 டின்கள்.

எதுவுமே கிடைக்காத ஓர் இரவு வந்துவிட்டால்? பெரியவர்கள் குடிக்கும் பால்மா, டின்பால், பாதாம்பால், அரிசிப்பால், இளநீர் எதுவும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவின் இடத்தை நிரப்பாது. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள், அல்லது 24 மணி நேரச் சுகாதாரத் தொலைபேசிச் சேவையில் தாதியிடம் கேளுங்கள். இன்னும் கொஞ்சம் தாய்ப்பால் சுரக்கும் தாய் குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் சுரப்பு சில நாட்களில் கூடக்கூடும்; முற்றாக நின்றுபோன சுரப்பையும் தாதியின் துணையோடு மீட்டவர்கள் உண்டு. ஆனால் அதற்கு நாட்கள் பிடிக்கும், அந்த ஓர் இரவுக்கு அது விடையல்ல.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் கடிதம் வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கரண்டியைக் குறைத்துக் கஞ்சித் தண்ணீர் சேர்க்கும் யோசனை தவறானது என்று ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை இடமின்மையால் சுருக்க நேர்ந்தால் ஹொங்கொங்கையும் பங்குச்சந்தையையும் வெட்டுங்கள். கரண்டிக் கணக்கை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தை ஊட்டத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்,
சிட்னி